தாது வருஷப் பஞ்சம் பற்றிய சிறார் நாவல்: கைப்பிரதி குறித்து வாசகர் கருத்துகள்

ஓலைச்சுவடி:
கைப்பிரதியின் 14 அத்தியாயங்களும் உங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: சேலம் ஜில்லாவில் ஒரு நெசவாளர் குடும்பம். செல்லம்மாவுக்கு 11 வயது, தம்பி மாரிக்கு 6. 1876 ஆடியில் தொடங்கி 1877 புரட்டாசியில் முடிகிறது. மழை பொய்க்கிறது, துணி விலைபோகவில்லை, பாத்திரம் பண்டம் எல்லாம் அடகுக்குப் போகின்றன. குடும்பம் சென்னைக்கு நடந்து போய்க் கால்வாய் வெட்டும் வேலையில் சேர்கிறது. அப்பா வாந்திபேதியில் (காலராவில்) இறக்கிறார். மற்ற மூவரும் ஊர் திரும்புகிறார்கள். வாசகர் வயது 10 முதல் 13 வரை.

மூன்று இடங்களில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. பசியை எந்த அளவுக்குக் காட்டலாம்? சென்னைப் பயணம் நம்பும்படி இருக்கிறதா? கடைசி அத்தியாயம் இப்படியே இருக்கலாமா? எது இடிக்கிறது என்பதோடு ஏன் இடிக்கிறது, அதற்குப் பதில் என்ன வைக்கலாம் என்றும் எழுதுங்கள்.

கல்வெட்டு:
முதலில் காலக்கணக்கு. தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்து 1877 பங்குனியில் முடிகிறது. அடுத்தது ஈஸ்வர. ஆகவே 9ஆம் அத்தியாயத்துக்குப் பிறகு யாரும் ‘இந்தத் தாது வருஷம்’ என்று பேச முடியாது. பஞ்சத்துக்குத் தாதுவின் பெயர் நிலைத்துவிட்டாலும் சாவு மிகுந்தது ஈஸ்வரவில்தான்.

வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியது 1876 ஐப்பசி, கார்த்திகையில். விலை பாய்ந்ததும் அப்போதே. 1877 ஜனவரி 1 அன்று, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவித்த டெல்லி தர்பார். அதே மாதம் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்துக்கு வந்து நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஆணுக்கு நாள் முழுக்க மண்வேலை செய்தால் ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும், பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி உயர்ந்தது. உங்கள் கதையில் மாசியில் நிவாரண முகாமுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு ராத்தல் அளக்கிறார்கள். அந்தக் காட்சியை ஒரு ராத்தலாக மாற்றுங்கள், கதை இன்னும் இறுகும். ஒரு ராத்தல் என்பது 450 கிராம், சென்னைப் படியில் ஏறத்தாழ இரண்டரை ஆழாக்கு (எட்டு ஆழாக்கு ஒரு படி). அதைச் சமைத்தால் சுமார் 1,600 கலோரி. கடப்பாரை பிடிக்கும் ஆளுக்கு இதில் பாதி நாள்கூட ஓடாது.

டெம்பிளை வெறும் கொடுமைக்காரராக எழுதியிருக்கிறீர்கள். 1873–74இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துப் பெருஞ்சாவைத் தடுத்தவரும் இதே மனிதர்தான். ‘அநாவசியச் செலவு’ என்று மேலிடம் அதற்காக அவரைத் திட்டியது. சென்னையில் எதிர்த்திசைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியும். ‘நல்லது செய்ததற்குத் திட்டு வாங்கியவர் அடுத்த முறை என்ன செய்வார்?’ என்ற கேள்வி ஒரு துரையின் கெட்ட குணத்தைவிடப் பெரியது.

பயணம் பற்றி: சேலத்திலிருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர். வற்றிய உடம்போடு, ஆறு வயதுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு, நாளுக்கு 10 கிலோமீட்டர் நடந்தாலே அதிகம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நீங்கள் ஒன்பது நாளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். அதைவிட முக்கியமானது, சேலம்காரர்கள் நிவாரண வேலைக்குச் சென்னை வரை போக வேண்டியதில்லை என்பது. அந்த ஜில்லாவிலேயே சாலை வேலை, ஏரி வேலை நடந்தது. சென்னைக்கு வந்து குவிந்தவர்களில் பெரும்பாலோர் செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, நெல்லூர் பக்கத்துக்காரர்கள். கால்வாய் வேண்டுமென்றால் ஊரைச் செங்கல்பட்டுக்கு மாற்றுங்கள். நெசவு வேண்டுமென்றால் சேலத்திலேயே இருந்து, முகாமை ஜில்லாவுக்குள் வையுங்கள். என் யோசனை இரண்டாவது. வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் உள்ள முகாமில் தங்கித்தான் வேலை செய்ய வேண்டும் என்று டெம்பிள் வைத்த நிபந்தனையே குடும்பத்தைப் பிரிக்கப் போதும். 340 கிலோமீட்டர் தேவையில்லை.

தறிமேடை:
நானும் சேலத்தின் பக்கம்தான். இந்த நாவலின் பலமே தறி. ஆனால் தறி இன்னும் கதைக்குள் இறங்கவில்லை, திண்ணையோரம் நிற்கிறது.

3ஆம் அத்தியாயத்தில் அப்பா கயிற்றை இழுத்ததும் நாடா (ஊடைநூலைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடம்) ‘பறக்கிறது’. அது விசைநாடா. சேலம் பக்கம் அதைப் பரப்பும் முயற்சிகள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில்தான். 1876இல் குழித்தறியில் உட்கார்ந்து ஒரு கையால் நாடாவை எறிந்து மறுகையால் பிடிப்பார்கள். அகலத் துணி நெய்ய அதனால் நேரம் பிடிக்கும். நூலோ அப்போதே பெரும்பாலும் சீமை ஆலைநூல், கடன் சொல்லி வாங்குவது. ஆகவே மழை பொய்த்த உடனே நெசவாளனுக்கு நூல் இல்லாமல் போகவில்லை, வாங்க ஆள் இல்லாமல் போனது. தானியம் விலை ஏறினால் ஜனங்கள் முதலில் நிறுத்துவது புதுத்துணி. வயல்காரன் பட்டினி கிடப்பதற்கு முன்பே நெசவாளன் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். நிலமே இல்லாதவன் ஏன் மழைக்கு முதலில் பலியாகிறான் என்று பிள்ளைகள் கேட்பார்கள். உங்கள் கதை அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் தொடாமல் விட்ட ஒரு காட்சி இருக்கிறது. பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளுக்கு, கஞ்சி போடுவது. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, தூரிகையால் இழுத்து, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். கஞ்சி இல்லாவிட்டால் இழையில் பிசிறு எழும், அச்சில் (இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற பகுதியில்) உரசி அறுந்துகொண்டே இருக்கும். ஒரு பாவுக்குக் கஞ்சி காய்ச்ச வீட்டில் உள்ள தானியத்தைத்தான் எடுக்க வேண்டும். அதை இழைக்கு ஊற்றுவதா, மாரிக்கு ஊற்றுவதா? பாவுக்கு ஊற்றினால் துணி ஆகும், துணி விற்றால் பத்து நாள் சாப்பாடு. விற்காவிட்டால்? இந்த ஒரு முடிவை செல்லம்மாவின் அம்மா எடுப்பதைக் காட்டுங்கள். பஞ்சத்தை விளக்கும் மூன்று பக்க உரையாடலை அப்படியே எடுத்துவிடலாம்.

விற்கிற வரிசையும் மாற வேண்டும். உங்கள் கதையில் தறி முதலில் போகிறது. தொழிற்கருவியை யாரும் முதலில் விற்க மாட்டார்கள். வெள்ளி நகை, பித்தளை வெண்கலப் பாத்திரம், ஆடு, பிறகு கதவு, கூரை மரம். அச்சும் நாடாவும் கடைசி. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் விலையும் அடிமாட்டு விலைதான். செல்லம்மாவுக்கு வீட்டில் தார் சுற்றும் வேலை, அதாவது நாடாவுக்குள் வைக்கும் ஊடைநூலைக் குழலில் சுற்றும் வேலை, கொடுங்கள். அந்தக் காலத்தில் அவள் வயதுப் பிள்ளையின் வேலை அது. முகாமில் அவள் கை சும்மா இருக்கும்போது என்ன தேடும் என்பதும் அதிலிருந்தே வந்துவிடும்.

ஆழாக்கு:
சாப்பாட்டு விஷயம். 6ஆம் அத்தியாயத்தில் ‘காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள்’ என்று ஒரே வரி. தாக்குப்பிடித்தது எப்படி என்று சொல்லும் நாவலில் அதுதான் நீள வேண்டிய இடம்.

புளியங்கொட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வறுத்து, ஊறவைத்து, செந்தோலை முழுக்க உரித்துவிட்டு, பருப்பை வேகவைக்கலாம் அல்லது மாவாக்கிக் களி கிண்டலாம். அவசரத்தில் தோலோடு தின்றால் மலம் கட்டி வயிற்றுவலி வரும். சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் கண்ணுக்குத் தெரியாத பொடிமுள் கொத்துக் கொத்தாக இருக்கும். மணலில் புரட்டித் தேய்த்தோ தணலில் வாட்டியோ போக்காவிட்டால் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி நிற்கும். காட்டு வள்ளிக்கிழங்கு வகைகளில் சில நஞ்சு. சீவி, வேகவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கொட்ட வேண்டும், எது அப்படிப்பட்டது என்று தெரிந்தவர் கூட இருக்க வேண்டும். எறும்புப் புற்றைத் தோண்டி அது சேர்த்து வைத்த தானியத்தை எடுத்ததும் அந்தப் பஞ்சத்தில் நடந்தது. புடைத்து மண் நீக்கினால் ஒரு கைப்பிடி கிடைத்தாலே பெரிது.

இதெல்லாம் அறிவு. யாருக்கு இந்த அறிவு இருந்தது என்பதுதான் கேள்வி. நெசவாளர் குடும்பத்துக்குக் காட்டுக்கிழங்கு தெரிந்திருக்க நியாயமில்லை. மலைப்பக்கத்திலிருந்தோ ஆடு மேய்ப்பவரிடமிருந்தோ ஒருவர் கற்றுத்தர வேண்டும். சேர்வராயன் மலையும் கல்வராயன் மலையும் உங்கள் கதை எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. அங்கிருந்து ஒரு கிழவியைக் கொண்டு வாருங்கள்.

நிலக்காட்சியில் ஒரு திருத்தம்: காய்ந்த ஏரி முழுக்கச் சீமைக்கருவேலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மரம் நம் ஏரிகளை அடைத்தது இருபதாம் நூற்றாண்டில். 1877இல் தரிசெல்லாம் சப்பாத்திக்கள்ளிதான். அது அழிந்தது 1920களில் அதைத் தின்னும் செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகு. பின்னுரையில் கிழங்கு, காட்டுப்பழம் எதையும் பிள்ளைகள் தாமாகப் பறித்துச் சோதிக்கக் கூடாது என்று தெளிவாக ஒரு வரி போடுங்கள். இந்த வயதில் கண்டிப்பாகச் செய்து பார்ப்பார்கள்.

குறிஞ்சி:
உடம்பு பற்றி. பசி என்றால் வயிறு கிள்ளுவது மட்டும்தான் என்று கைப்பிரதி எழுதுகிறது. நீண்ட பட்டினியில் அது முதல் கட்டம். எரிச்சல், சண்டை, எந்நேரமும் சாப்பாட்டுப் பேச்சு எல்லாம் அப்போது வரும். வாரங்கள் போகப் போகப் பசியே மங்கிவிடும். குரல் கம்மும், வெயிலிலும் குளிரும், புண் ஆறாது, பாதம் வீங்கும். கீரை, பால் எதுவும் இல்லாத பிள்ளைக்கு மாலைக்கண் வரும். அந்தியானதும் மாரி தடுமாறி அக்கா கையைப் பிடிக்கிறான் என்று எழுதினால் போதும், காரணத்தை அங்கேயே விளக்க வேண்டாம். 10ஆம் அத்தியாயத்தில் இருவரும் காவல்காரனிடமிருந்து தப்பி ஒரு மைல் ஓடுகிறார்கள். அந்த உடம்பு ஓடாது. ஒளிந்துகொள்ளட்டும்.

11ஆம் அத்தியாயத்தை மாற்றியே ஆக வேண்டும். கோயிலில் வயிறு முட்டச் சாப்பிட்டு இருவரும் தெம்பாக எழுந்து நடக்கிறார்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவருக்கு ஒரே நேரத்தில் நிறையச் சோறு போட்டால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் சட்டென்று இறங்கி இதயம் நின்றுபோகலாம். நீர்த்த கஞ்சியைச் சிறுகச் சிறுக, பலமுறை கொடுத்துத்தான் தேற்ற வேண்டும். மாரி இன்னும் கேட்டு அழ, கஞ்சித்தொட்டிக்காரி அரை அகப்பைக்கு மேல் தர மறுக்கிறாள், செல்லம்மாவுக்கு அவள்மேல் கோபம் வருகிறது, பிறகே காரணம் புரிகிறது. இப்படி வைத்தால் உண்மையும் நிற்கும், ஒரு நல்ல திருப்பமும் கிடைக்கும்.

இன்னொன்று, முகாமில் மருந்து கட்டும் டிரஸ்ஸர் ‘கிருமி’ என்று சொல்கிறார். வாந்திபேதிக் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அடையாளம் கண்டது 1883–84இல். குடிநீரால் பரவுகிறது என்ற கருத்து அதற்கு முன்பே லண்டனில் எழுந்திருந்தது, ஆனால் இந்தியாவில் அதிகாரிகளே அதில் ஒத்துப்போகவில்லை. டிரஸ்ஸர் கிணற்றைச் சந்தேகிக்கலாம், மேலதிகாரி மறுக்கலாம். அதோடு நிறுத்துங்கள்.

தேறுவதைக் காட்ட ஒரு நல்ல அடையாளம் இருக்கிறது. நலிந்த பிள்ளை விளையாடாது. மாரி ஒருநாள் கூழாங்கல்லைத் தட்டி விளையாடத் தொடங்கினால், அவன் பிழைத்துவிட்டான் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

வெண்பலகை:
எல்லோரும் திருத்தம் சொல்கிறீர்கள், எனக்குக் கதையின் அடிப்படையிலேயே ஒரு மறுப்பு இருக்கிறது. ‘செல்லம்மா மனம் தளரவில்லை, அதனால் பிழைத்தாள்’ என்ற தொனி நான்கு இடங்களில் வருகிறது. ஐம்பது இலட்சத்துக்கும் மேல் செத்த பஞ்சம் இது. பிழைத்தவர்கள் துணிந்தவர்கள் என்றால் செத்தவர்களெல்லாம் துணிவில்லாதவர்களா? செல்லம்மாவின் அப்பா மனம் தளர்ந்ததால் சாகவில்லை. ஒரு ராத்தல் கூலியில் மண் சுமந்து, நலிந்து, அழுக்குத் தண்ணீர் குடித்துச் செத்தார். இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது.

ஏற்றுமதியை நிறுத்த மாட்டோம், விலையில் தலையிட மாட்டோம் என்று வைஸ்ராய் அரசு நின்றது. சென்னை அரசு 1876 கடைசியில் தானே தானியம் வாங்கத் தொடங்கியபோது அதையும் கண்டித்தது. சேலத்துக்கு அப்போதே ரயில் உண்டு. தானியம் ரயிலில் வந்து சேர்ந்தது, வாங்கக் காசு இல்லாதவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். சூரமங்கலம் ஸ்டேஷனில் மூட்டை அடுக்கியிருப்பதை செல்லம்மா பார்க்கும் ஒரு காட்சி வையுங்கள். ‘சோறு இல்லாமல் பஞ்சம்’ என்று படித்த பிள்ளை, சோறு இருந்தும் பஞ்சம் வரும் என்று அங்கே தெரிந்துகொள்ளும்.

சாதியையும் தாண்டிப் போகிறீர்கள். கஞ்சித்தொட்டியில் சமைப்பவர் யார் என்று பார்த்துச் சாப்பிட மறுத்தவர்கள் இருந்தார்கள். பஞ்சத்தில் வற்றாத கிணறு எந்தத் தெருவில் இருந்தது, யார் அதில் இறைக்கலாம், யார் தள்ளி நின்று கேட்க வேண்டும் என்பதுதான் உயிரா சாவா என்று தீர்மானித்தது. அதிகம் செத்தவர்களில் நிலமற்ற கூலிகள் முன்னால் நிற்கிறார்கள். நெசவாளர் குடும்பத்துப் பெண்ணின் கண்ணுக்குக்கூட இது தெரியும்.

ஆழாக்கு:
வெண்பலகை சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் செல்லம்மாவின் கையில் எதுவுமே இல்லை என்று காட்டிவிட்டால் பத்து வயதுப் பிள்ளை புத்தகத்தை மூடி வைத்துவிடும். அவள் முயற்சியால் சில நேரம் ஏதாவது கிடைக்கட்டும், சில நேரம் ஒன்றும் கிடைக்காமல் போகட்டும். புற்றைத் தோண்டிய நாளில் தானியம் கிடைக்கிறது, அடுத்த புற்றை யாரோ முன்பே தோண்டியிருக்கிறார்கள். முயற்சிக்கும் பலனுக்கும் நேர்க்கோடு இல்லை என்று சம்பவத்திலேயே தெரிந்துவிடும்.

வெண்பலகை:
அப்படியென்றால் எனக்குச் சம்மதம். கதை அவளைப் பாராட்டும் நான்கு வரிகளும் போகட்டும்.

ஓலைச்சுவடி:
சேலத்திலேயே வைத்துக்கொள்கிறேன், கால்வாய் வேண்டாம். ஆனால் 8ஆம் அத்தியாயத்தில் சித்தப்பா, தோட்டவேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு இலங்கைக்குப் போகிறார். அந்தப் பகுதி நிற்குமா? முகாமில் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்துவதாகவும் ஒரு காட்சி யோசித்திருக்கிறேன்.

கல்வெட்டு:
இலங்கை நிற்கும், விவரம் மாற வேண்டும். 1877இல் தோட்டம் என்றால் காப்பித்தோட்டம். இலைநோய் தொடங்கியிருந்தாலும் காப்பிதான் அப்போது முதன்மைப் பயிர். தேயிலை பெருந்தொழிலானது 1880களில். பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் 1914இல் வந்தவை. அதனால் சித்தப்பா ரயிலேறிப் போக முடியாது. கடற்கரை வரை நடை, தோணியில் மன்னார், அங்கிருந்து காட்டுப்பாதையில் மாத்தளை வரை மறுபடி நடை. வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். கங்காணி கொடுத்த முன்பணம் கடனாகத் தலையில் இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். அவர் ஊருக்குத் தபால் அட்டை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். காலணா அட்டை இந்தியாவில் வந்தது 1879இல்தான். செய்தி ஆள்வழியாக வரட்டும், தாமதமாக, பாதி சிதைந்து. கதைக்கு அது நல்லது.

கூலிக் குறைப்பை எதிர்த்து நிவாரணத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாக வேலையை விட்டு வெளியேறியது 1877இல் பம்பாய் மாகாணத்தில். அதைச் சேலத்துக்குக் கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். நான்கு பெண்கள் அளவையாளரிடம் போய் ராத்தலை மறுபடி நிறுக்கச் சொல்வது எங்கும் நடந்திருக்கக்கூடியது. ஒரு பிள்ளை பார்க்கும் உயரத்துக்கும் அது சரி.

குறிஞ்சி:
கடைசி அத்தியாயத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1877 புரட்டாசியில் மழை வருகிறது, எல்லோரும் நனைந்து ஆடுகிறார்கள், கதை நிமிர்ந்துவிடுகிறது. மழை வந்த பிறகுதான் நலிந்த உடம்புகளைக் காய்ச்சல் கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோனது. விதைநெல்லைத் தின்றாகிவிட்டது, உழ மாடு இல்லை, அறுவடைக்கு மாதங்கள் இருக்கின்றன. மழையை முடிவாக வைக்காமல் முடிவுக்கு மூன்று அத்தியாயம் முன்னால் வையுங்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து செல்லம்மா வீட்டை நடத்தும் பகுதி அங்கே பொருந்தும்.

தறிமேடை:
முடிவுக்கு என் யோசனை: தறியில்லாத வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா அடுத்த வீட்டுத் தறியில் கூலிக்குப் பாவு பிணைக்கப் போகட்டும். பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான இழை, கண்ணும் விரலும் நோகும் வேலை. செல்லம்மா கூட உட்கார்ந்து கற்றுக்கொள்கிறாள். கூலி இவ்வளவு என்று சொல்லி முடித்துவிடுங்கள். சொந்தத் தறி திரும்பக் கிடைத்தது என்று எழுதாதீர்கள். அந்தக் கடன் ஒரு தலைமுறைக்கு இருக்கும்.

பாலாடை:
படங்கள் குறித்து ஒரு வார்த்தை. அட்டைக்கு அந்தப் பஞ்சத்தின் நிழற்படங்களைப் பயன்படுத்தலாமா என்று முன்பு ஒருமுறை கேட்டிருந்தீர்கள். வில்லோபி வாலஸ் ஹூப்பர் எடுத்த படங்கள்தான் அதிகம் புழங்குபவை. எலும்பும் தோலுமானவர்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை அவை, அப்போதே அதற்குக் கண்டனம் எழுந்தது. சிறார் புத்தகத்தின் அட்டையில் அவை வேண்டாம். அந்த மனிதர்களைக் கேட்டு எடுத்த படங்கள் அல்ல, படிக்கும் பிள்ளைக்கும் முதல் பார்வையிலேயே பயமோ அருவருப்போதான் மிஞ்சும். கோட்டோவியம் போடுங்கள். தறி, படி, ராத்தல் தராசு, கஞ்சித்தொட்டி என்று பொருள்களையே வரைந்தால் அளவும் புரியும்.

வாசிப்புக் குழுவில் பயன்படுத்துவோருக்காகக் கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்கலாம். ‘உனக்குப் பிடித்த பாத்திரம் எது’ வகைக் கேள்விகள் வேண்டாம். ஒரு ராத்தல் அரிசியை நிறுத்து, சமைத்து, நான்கு தட்டில் பிரித்து வைத்துப் பார்க்கச் சொல்லலாம். பிறகு அந்தச் சோற்றை எல்லோரும் பகிர்ந்து சாப்பிட வேண்டும், வீணாக்கக் கூடாது. பட்டினி கிடந்து பார்க்கும்படி எந்தப் பயிற்சியும் தரவே கூடாது. வீட்டில் உண்மையாகவே சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு உள்ள பிள்ளையும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும். 8ஆம் அத்தியாயம் முடிந்ததும் ‘அம்மா கஞ்சியைப் பாவுக்கு ஊற்றியது சரியா?’ என்று கேட்டுவிட்டு, அடுத்த அத்தியாயத்தைப் படிக்குமுன் இரண்டு பக்கமும் வாதாட விடுங்கள்.

ஓலைச்சுவடி:
அந்தக் காட்சியை இன்னும் எழுதவே இல்லை, அதற்குள் அத்தியாய எண்ணும் கொடுத்துவிட்டீர்கள். 8ஆம் அத்தியாயத்திலேயே வைக்கிறேன், சித்தப்பா புறப்படுவது 9க்குப் போகும். காவல்காரன் துரத்தும் பகுதியும் கோயில் விருந்தும் போகின்றன. மழை 12இல் வரும், மொத்தம் 15 அத்தியாயம். தறிமேடை அவர்களே, ஒருவர் நாளெல்லாம் உட்கார்ந்தால் எத்தனை இழை பிணைக்க முடியும், அந்தக் காலத்தில் அதற்குக் கூலியைப் பணமாகக் கொடுத்தார்களா, தானியமாகக் கொடுத்தார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அந்த விவரம் கிடைத்த பிறகே கடைசி அத்தியாயத்தைத் தொடுவேன்.